தமிழ் ‘-க்கு’ ஸ்பானிஷ்ல நாலா உடையுது: ‘அ’, ‘பாரா’, ‘போர்’, ‘தெ’ எப்பப்போ வரும்?

உப்பளக்காற்று (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ஸ்பானிஷ் ஏ2 நிலையில (ஆரம்பப் படிகள்ல ரெண்டாவது) இருக்கேன். வினைச்சொல் திரிபு ஓரளவு வசப்பட்டுடுச்சு, ப்ரெபொசிஷன்லதான் (பெயருக்கு முன்னால வர்ற ‘அ’, ‘தெ’ மாதிரி சின்னச் சொல்) மார்க் போகுது. கையில இருக்கிறது ஆங்கில வழிப் புத்தகத்து அட்டவணை: ‘டு’ன்னா ‘அ’, ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ மூணுக்கும் ‘என்’, ‘ஃபார்’னா ‘போர்’ அல்லது ‘பாரா’, ‘ஃப்ரம்’னா ‘தெ’ அல்லது ‘தெஸ்தெ’. அதை வச்சு எழுதினதுல இந்த எட்டும் தப்பு:

1. ‘எஸ்பெரோ பாரா மி எர்மானா’ (தங்கச்சிக்காகக் காத்திருக்கேன்)
2. ‘கொம்ப்ரே எல் லிப்ரோ பாரா தியெஸ் எயூரோஸ்’ (பத்து யூரோவுக்குப் புத்தகம் வாங்கினேன்)
3. ‘பியென்ஸோ சோப்ரெ தி’ (உன்னைப் பத்தி நினைக்கிறேன்)
4. ‘தெங்கோ உன் எக்ஸாமென் என் எல் லூனெஸ்’ (திங்கட்கிழமை பரீட்சை இருக்கு)
5. ‘வெயோ மரியா’ (மரியாவைப் பார்க்கிறேன்)
6. ‘யெகே என் மத்ரித்’ (மத்ரித்துக்கு வந்து சேர்ந்தேன்)
7. ‘செர்கா அ லா எஸ்தாசியோன்’ (ஸ்டேஷனுக்குப் பக்கத்துல)
8. ‘கியென் ஆப்லாஸ் கோன்?’ (யாரோட பேசுற?)

ஒவ்வொண்ணும் ஏன் தப்புன்னு யாராவது சொல்ல முடியுமா? போர்/பாராவுக்கு நம்பகமான சோதனை ஏதாவது இருக்கா? மொத்தம் எத்தனை ப்ரெபொசிஷன், அத்தனையும் மனப்பாடம் பண்ணணுமா?

சொல்லதிகாரன்

முதல்ல அந்த அட்டவணையை மூடி வைங்க. அதுல ரெண்டு தடவை மொழிபெயர்ப்பு நடக்குது: தமிழ்லேர்ந்து ஆங்கிலம், ஆங்கிலத்துலேர்ந்து ஸ்பானிஷ். நாம பெயர்ச்சொல்லுக்குப் பின்னால ஒட்டுற வேற்றுமை உருபை அவங்க தனிச்சொல்லா முன்னால வைக்கிறாங்க. வேலை பெரும்பாலும் ஒண்ணுதான். உங்க எட்டுல நாலு தப்பு, நேரா தமிழ்ல யோசிச்சிருந்தா வந்தே இருக்காது.

நாலாவது: ‘திங்கட்கிழமை பரீட்சை’ங்கிறோம். உருபு போடறோமா? இல்லை. அவங்களும் போடறதில்லை: ‘தெங்கோ உன் எக்ஸாமென் எல் லூனெஸ்’. திங்கட்கிழமைதோறும்னா ‘லோஸ் லூனெஸ்’. அங்கே ‘என்’ வந்தது முழுக்க ஆங்கில ‘ஆன்’ செஞ்ச வேலை.

ஆறாவது: நீங்களே அடைப்புக்குறிக்குள்ள ‘மத்ரித்துக்கு’ன்னு எழுதியிருக்கீங்க. ‘-க்கு’ இருக்கு, அதனால ‘யெகே அ மத்ரித்’. போய்ச் சேருற இடத்துக்கு ‘அ’, இருக்கிற இடத்துக்கு ‘என்’: ‘எஸ்தோய் என் மத்ரித்’, மத்ரித்துல இருக்கேன். ‘மூணு மணிக்கு’ன்னாலும் ‘அ லாஸ் த்ரெஸ்’. ‘சனவரியில’, ‘2020-ல’ன்னா ‘என் எனெரோ’, ‘என் 2020’. இதுவரைக்கும் ‘-க்கு’வும் ‘-ல்’லும் அச்சு மாதிரி பொருந்துது.

எட்டாவது: தமிழ்ல ‘ஓட’ங்கிறதை ‘யார்’ மேலேர்ந்து பிய்ச்சு வாக்கியக் கடைசியில தொங்க விட முடியுமா? அவங்களுக்கும் முடியாது. ‘கோன் கியென் ஆப்லாஸ்?’ இதுக்கு விதிவிலக்கே கிடையாது. ‘எந்த ஊர்க்காரர்?’ - ‘தெ தோந்தெ எரெஸ்?’, ‘எதுக்கு?’ - ‘பாரா கே?’. ப்ரெபொசிஷன் எப்பவும் கேள்விச்சொல்லுக்கு முன்னாலதான்.

அஞ்சாவது கொஞ்சம் விரிவாப் பார்க்க வேண்டியது. ஆங்கிலம் வழியாப் படிக்கிறவங்க மாசக்கணக்கா முட்டிக்கிற இடம் இது. நமக்கு இது பாதி தெரிஞ்ச சங்கதி.

‘மரியாவைப் பார்க்கிறேன்’னு ‘ஐ’ போடறீங்க. ‘மரியா பார்க்கிறேன்’னு யாரும் சொல்றதில்லை. ஆனா ‘வீடு பார்க்கிறேன்’, ‘புத்தகம் வாங்கினேன்’ல ‘ஐ’ இல்லாமலே பேசுறோம். உயர்திணைன்னா பெரும்பாலும் உருபு வேணும், அஃறிணைன்னா விடலாம். ஸ்பானிஷும் இதே பாகுபாட்டை வச்சிருக்கு. செயப்படுபொருள் ஆளா இருந்தா ‘அ’ வரும், பொருளா இருந்தா வராது: ‘வெயோ அ மரியா’, ஆனா ‘வெயோ லா காஸா’.

ஆளா இருந்தாலும் குறிப்பிட்ட ஆளா, யாரோ ஒருத்தரான்னு அடுத்துப் பார்க்கணும். ‘புஸ்கோ உன் மெதிகோ’ன்னா ஒரு டாக்டர் தேடுறேன், யாரா இருந்தாலும் சரி. ‘புஸ்கோ அ உன் மெதிகோ’ன்னா ஒரு டாக்டரைத் தேடுறேன், மனசுல ஒருத்தர் இருக்கார். தமிழ் ரெண்டையும் சத்தமா சொல்லிப் பாருங்க, உங்க காதுக்கே வித்தியாசம் பிடிபடும். ‘கியெரோ உன் இஹோ’ – எனக்கு ஒரு பிள்ளை வேணும். ‘கியெரோ அ மி இஹோ’ – என் பிள்ளை மேல எனக்கு உசுரு. ஒரே வினைச்சொல், நடுவுல ஒரு ‘அ’தான் வேணும்ங்கிறதைப் பாசமா மாத்துது.

‘யாரையும் பார்க்கலை’ன்னு நாம ‘ஐ’ போடற மாதிரி அவங்களும் ‘நோ வெயோ அ நாதியெ’ன்னு கட்டாயமா ‘அ’ போடுவாங்க. யாரையாவது, யாரை, எல்லாத்துக்கும் அப்படியே. வீட்டு நாய், பூனைக்கும் ஆள் மரியாதை உண்டு: ‘கியெரோ அ மி பெர்ரோ’.

கால் வழுக்குற இடம் ஒண்ணு இருக்கு. தமிழ்ல குறிப்பிட்ட பொருளுக்கும் ‘ஐ’ வருமில்லையா, ‘அந்தப் புத்தகத்தைப் படிச்சேன்’, ‘கதவைத் திற’. அதை நம்பி ‘லெயி அல் லிப்ரோ’ன்னு எழுதினா தப்பு. ‘லெயி எல் லிப்ரோ’, ‘ஆப்ரெ லா புயெர்தா’தான். ஆக ரெண்டு கேள்வியையும் வரிசையாக் கேளுங்க: உயர்திணையா? குறிப்பிட்ட ஆளா? ரெண்டுக்கும் ஆமான்னா ‘அ’.

ஒண்ணாவது வாக்கியமும் இதுல அடங்கிடுது. ‘எஸ்பெரார்’ங்கிற வினை, காத்திருக்கப்படுற ஆளை நேரா செயப்படுபொருளா எடுத்துக்கும். ‘தங்கச்சியை எதிர்பார்க்கிறேன்’னு தமிழை மாத்திக்கிட்டா போதும்: ‘எஸ்பெரோ அ மி எர்மானா’. பஸ்ஸுக்குக் காத்திருந்தா ‘எஸ்பெரோ எல் அவுதொபூஸ்’, ‘அ’வும் கிடையாது, ‘பாரா’வும் கிடையாது.

ரெண்டு, மூணு, ஏழு மட்டும் தமிழே இழுத்து விட்ட பள்ளம்.

பனங்கற்கண்டு

அந்தப் பள்ளத்துக்கு நான் வர்றேன். சொல்லதிகாரன் சொன்ன ‘-க்கு’ன்னா ‘அ’ங்கிற சூத்திரம் இடத்துக்கும் மணிக்கும் சரி. ஒருத்தருக்குக் கொடுக்கிறதுக்கும், பிடிக்கும்-வலிக்கும் வகைக்கும் சரி. ‘எனக்குக் காபி பிடிக்கும்’ – ‘அ மி மெ குஸ்தா எல் கஃபே’. ‘ஹுவானுக்குத் தலை வலிக்குது’ – ‘அ ஹுவான் லெ துயெலெ லா கபெஸா’. காபியும் தலையும்தான் எழுவாய், ஆள் நாலாம் வேற்றுமை. ஆங்கிலப் புத்தகங்கள் பத்துப் பக்கம் போட்டு விளக்குற சமாச்சாரம், நமக்கு விளக்கமே வேண்டாம்.

அதுக்கு அப்புறம் ‘-க்கு’ மூணு திசையில பிரியுது.

பண்டமாற்று ‘-க்கு’ எப்பவும் ‘போர்’. ஒண்ணைக் கொடுத்து ஒண்ணை வாங்குற எல்லா இடமும் இது. பத்து யூரோவுக்குப் புத்தகம்: ‘கொம்ப்ரே எல் லிப்ரோ போர் தியெஸ் எயூரோஸ்’. உதவிக்கு நன்றி: ‘கிராஸியாஸ் போர் து அயூதா’. செஞ்ச தப்புக்குத் தண்டனைன்னாலும் ‘போர்’. அம்மாவுக்குப் பதிலா நான் வந்தேன்னா அதுவும் ‘போர்’. தமிழ் வாக்கியத்துல ‘-க்கு’ இருந்து, அதுல கைமாறு நடந்தா, யோசிக்காம ‘போர்’ போடுங்க. உங்க ரெண்டாவது வாக்கியத்துல வச்ச ‘பாரா’வைப் படிக்கிறவருக்கு, பத்து யூரோ நோட்டுக்குப் பரிசா ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்த மாதிரி இருக்கும்.

இட, கால நிலை காட்டுற ‘-க்கு’ பெரும்பாலும் ‘தெ’. மேஜைக்கு மேல, மேஜைக்குக் கீழ, வீட்டுக்கு வெளியே, ஸ்டேஷனுக்குப் பக்கத்துல, சாப்பாட்டுக்கு முன்னாடி. இதுல ‘-க்கு’வுக்கு அடுத்து மேல், கீழ், முன், பின்னு ஒரு சொல் நிக்குதில்லையா, அதுதான் அடையாளம். ஸ்பானிஷ்ல வரிசை தலைகீழ்: ‘என்ஸீமா தெ’, ‘தெபாஹோ தெ’, ‘ஃபுயெரா தெ’, ‘செர்கா தெ’, ‘ஆந்தெஸ் தெ’, ‘தெஸ்புயெஸ் தெ’. அதனால உங்க ஏழாவது ‘செர்கா தெ லா எஸ்தாசியோன்’. ‘ஹூந்தோ அ’ (ஒட்டினாப்ல), ‘ஃப்ரெந்தெ அ’ (எதிரே) ரெண்டும் ‘தெ’ எடுக்காது, அதைத் தனியா மனசுல போட்டுக்கோங்க.

நோக்க ‘-க்கு’, ‘-க்காக’: பெரும்பாலும் ‘பாரா’. ‘இது உனக்கு’ – ‘எஸ்தோ எஸ் பாரா தி’. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணும்னா ‘பாரா எல் வியெர்நெஸ்’. ‘வயசுக்கு உயரம்’னா ‘ஆல்தோ பாரா சு எதாத்’. படிக்க, சமைக்கன்னு வர்ற ‘செய’ எச்சமும் நோக்கம்னா ‘பாரா’: ‘எஸ்துதியோ பாரா செர் மெதிகா’, டாக்டர் ஆகப் படிக்கிறேன். ஆனா முன்னால போ, வா மாதிரி நடமாட்ட வினை இருந்தா ‘அ’ போதும்: ‘வோய் அ கொம்ப்ரார் பான்’, ரொட்டி வாங்கப் போறேன்.

சோதனை கேட்டீங்களே, அது ஸ்பானிஷ் கேள்விச்சொல்லிலேயே இருக்கு. ‘பாரா கே?’ன்னா எதுக்கு, ‘போர் கே?’ன்னா ஏன். உங்க வாக்கியம் ‘எதுக்கு?’ன்னு கேட்டா பதில் சொல்லுதா, ‘எதனால?’ன்னு கேட்டா பதில் சொல்லுதா? ‘நோ ஸாலி போர் லா யூவியா’ – எதனால வெளிய போகலை? மழையால. நோக்கம் முன்னால நிக்கும், காரணம் பின்னாலேர்ந்து தள்ளும்.

‘-க்காக’ மட்டும் ரெண்டு பக்கமும் சாயும், அதை நம்பவே நம்பாதீங்க. ‘ஹுவானுக்காக வேலை பார்க்கிறேன்’னா என்ன அர்த்தம்? ஹுவான் முதலாளின்னா ‘த்ராபாஹோ பாரா ஹுவான்’. ஹுவான் லீவு, அவன் ஷிஃப்டை நான் பார்க்கிறேன்னா ‘த்ராபாஹோ போர் ஹுவான்’. ‘லோ ஆகோ பாரா தி’ன்னா செஞ்சு உன் கையில தரப்போறேன், ‘லோ ஆகோ போர் தி’ன்னா உன் முகத்துக்காக, இல்லை உனக்குப் பதிலா செய்றேன். தமிழ் வாக்கியத்துல ‘-க்காக’ வந்தா, அதை முதல்ல ‘-ஐ முன்னிட்டு’, ‘-க்குப் பதிலா’, ‘கையில தர’ன்னு மூணுல ஒண்ணா மாத்திட்டு அப்புறம் எழுதுங்க.

‘-க்கு’ இல்லாமலே ‘போர்’ வர்ற இடமும் உண்டு. பூங்கா வழியா: ‘போர் எல் பார்கெ’. போன்ல பேசினோம்: ‘போர் தெலெஃபோனோ’ (ரயில்லன்னா ‘என் த்ரென்’, நடந்துன்னா ‘அ பியே’).

அரைத்திருத்தம்

ரெண்டு பேர் சொன்னதும் சரி. சின்னச் சின்னச் சேர்க்கை மட்டும்.

‘ஆல்’ பத்தி யாரும் பேசலை. பள்ளிக்கூடத்துல மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சின்னு மூணு பொருள் படிச்சது நினைவிருக்கா? ஸ்பானிஷ் அதே மூணை ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்கு. கருவிக்கும் உடனிகழ்ச்சிக்கும் ‘கோன்’: கத்தியால வெட்டினேன் ‘கோன் உன் குச்சீயோ’, அம்மாவோட வந்தேன் ‘கோன் மி மாத்ரெ’. கருத்தாவுக்கு ‘போர்’: அரசனால் கட்டப்பட்டது ‘கொன்ஸ்த்ரூயிதோ போர் எல் ரேய்’. மழையால, பயத்தாலன்னு காரண ‘ஆல்’லும் ‘போர்’தான். பேனாவால எழுதினேன்னு சொல்ல ‘போர்’ போட்டு மார்க்கை விட்டுடாதீங்க.

பெயர்ச்சொல்லுக்குப் பின்னால வர்ற ‘கிட்ட’, ‘கிட்டேர்ந்து’ ரெண்டும் ‘தெ’ மாதிரி தெரியும், ஆனா திருடுறது, கேட்கிறது மாதிரி வினைகள்ல ஆள்னா ‘அ’. ஹுவான்கிட்டேர்ந்து செல்போனைத் திருடிட்டாங்க: ‘லெ ரொபாரோன் எல் மோவில் அ ஹுவான்’. ஹுவான்கிட்ட காசு கேளு, ஹுவான்கிட்ட விசாரி, எல்லாம் ‘அ ஹுவான்’. ஹுவான்கிட்ட பேசுன்னா மட்டும் ‘கோன் ஹுவான்’ வழக்கம்.

காலையிலன்னு ‘-ல்’ இருக்கேன்னு ‘என் லா மஞானா’ன்னு எழுதலாமா? மெக்ஸிகோ உட்பட லத்தீன் அமெரிக்காவுல தாராளமாச் சொல்றாங்க, ஸ்பெயின்ல ‘போர் லா மஞானா’. மணியோட சேர்ந்தா எல்லா ஊர்லயும் ‘தெ’: ‘அ லாஸ் ஓச்சோ தெ லா மஞானா’. அதே மாதிரி ரொட்டி வாங்கிட்டு வரப் போறேன்னு ஸ்பெயின்ல ‘வோய் அ போர் பான்’, கடல் தாண்டினா ‘வோய் போர் பான்’. பரீட்சைக்குப் படிச்சா ஒரு வழக்கைப் பிடிச்சு அதுலயே நில்லுங்க, கலந்து கட்டாதீங்க.

‘ரெண்டு மணி நேரத்துல’ங்கிறதுல கவனம். ‘ரெண்டு மணி நேரத்துல வந்துடறேன்’னா இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சு: ‘தெந்த்ரோ தெ தோஸ் ஓராஸ்’. ‘ரெண்டு மணி நேரத்துல முடிச்சேன்’னா ஆன நேரம்: ‘என் தோஸ் ஓராஸ்’. ‘ரெண்டு வருஷமா இங்க இருக்கேன்’ – ‘வீவோ ஆகீ தெஸ்தெ ஆஸெ தோஸ் ஆஞோஸ்’. தமிழ்லயும் ஸ்பானிஷ்லயும் நிகழ்காலம், ஆங்கிலம் படிச்ச பழக்கத்துல வேற காலம் போட்டுடாதீங்க.

எத்தனைன்னு கேட்டீங்களே: ஸ்பெயின் அரச அகாதெமியின் 2009 இலக்கணக் கணக்குப்படி 23. பழைய பாடப் பட்டியல்ல 19 இருந்துது, அதோட ‘துராந்தெ’, ‘மெதியாந்தெ’, ‘வெர்சுஸ்’, ‘வீயா’ நாலும் சேர்ந்தது. 23-ல ‘காபெ’ செத்தே போச்சு, ‘ஸோ’ ஒண்ணு ரெண்டு சட்டத் தொடர்ல உயிரை வச்சுக்கிட்டு இருக்கு. ‘அ, தெ, என், கோன், போர், பாரா’ ஆறையும் உருப்படியாப் பிடிச்சா மீதியை அகராதியைப் பார்த்தே சமாளிச்சுக்கலாம். ‘சின்’ (இல்லாம), ‘அஸ்தா’ (வரைக்கும்), ‘என்த்ரெ’ (நடுவுல) எல்லாம் பெரும்பாலும் ஒத்தைப் பொருள், அதிகச் சிக்கல் இல்லை.

இன்னொண்ணு, ‘தெனெர்’ வினை. ‘தெங்கோ தோஸ் எர்மானோஸ்’, எனக்கு ரெண்டு அண்ணன். ஆள்தான், ஆனா ‘அ’ வராது. சொல்லதிகாரன் சொன்ன ரெண்டு கேள்வியோட இதையும் சேர்த்துக்கோங்க.

உப்பளக்காற்று

பண்டமாற்று ‘-க்கு’ அப்படியே மண்டையில உட்கார்ந்துடுச்சு, நன்றி. மூணாவது வாக்கியம் இன்னும் நிக்குது. சரியான விடை ‘பியென்ஸோ என் தி’ன்னு பார்த்துட்டேன். நினைக்கிறதுக்கு ‘என்’, கனவு காண ‘கோன்’, காதல்ல விழ ‘தெ’ன்னா இதை எந்தக் கணக்குல நினைவு வைக்கிறது? தமிழ் உருபு இங்க கை கொடுக்கலையே.

சொல்லதிகாரன்

கொடுக்காது. ப்ரெபொசிஷன் இங்க பெயர்ச்சொல்லோட சொத்து இல்லை, வினையோட சொத்து. தமிழ்லயும் ‘அவளைக் காதலிச்சான்’, ‘அவ மேல ஆசைப்பட்டான்’, ‘அவளுக்கு ஏங்கினான்’னு வினைக்கு வினை உருபு மாறுதே, அதுக்கு என்ன கணக்கு? வினையைப் படிக்கிறப்பவே வாலோட படிக்கணும். இருந்தாலும் கும்பல் கும்பலாப் பிரிச்சா சுமை குறையும்.

‘என்’ கும்பல்: மனசு போய் உட்காருற வினைகள். ‘பென்ஸார் என்’ (நினை), ‘கொன்ஃபியார் என்’ (நம்பு), ‘க்ரெயெர் என்’ (கடவுளை நம்புற மாதிரி நம்பு), ‘இன்ஸிஸ்தீர் என்’ (வற்புறுத்து), ‘ஃபிஹார்ஸெ என்’ (கவனி).

‘கோன்’ கும்பல்: எதிர்ல ஒரு ஆள் நிக்கிற வினைகள். ‘கஸார்ஸெ கோன்’ (கல்யாணம் பண்ணு), ‘கொந்தார் கோன்’ (ஆதரவா நம்பியிரு), ‘என்கொந்த்ரார்ஸெ கோன்’ (எதிர்ப்படு), ‘சொஞார் கோன்’ (கனவு காண்). கனவு எப்படி இங்க வந்துதுன்னு கேட்காதீங்க, கனவுல வர்ற ஆள் எதிர்ல நிக்கிறதா வச்சுக்கோங்க.

‘தெ’ கும்பல்: கிட்டத்தட்ட எல்லாமே ‘ஸெ’ன்னு முடியும். ‘அகொர்தார்ஸெ தெ’ (நினைவு வை), ‘ஒல்விதார்ஸெ தெ’ (மற), ‘எனமொரார்ஸெ தெ’ (காதல்ல விழு), ‘கெஹார்ஸெ தெ’ (குறை சொல்லு), ‘ரெயீர்ஸெ தெ’ (பார்த்துச் சிரி). ‘ஸெ’ இல்லாத முக்கியமான ஒண்ணு, ‘தெபெந்தெர் தெ’ (சார்ந்திரு).

அடுத்து இன்னொரு வினை வந்தா: தொடங்குறது, கத்துக்கிறது, உதவுறதுன்னா ‘அ’ (‘எம்பெஸார் அ’, ‘அப்ரெந்தெர் அ’, ‘அயுதார் அ’). நிறுத்துறது, முடிக்கிறதுன்னா ‘தெ’ (‘தெஹார் தெ’, ‘தெர்மினார் தெ’). ‘அகபார் தெ’ன்னா இப்பத்தான் செஞ்சேன். இதுல ‘தெ’யை விட்டீங்கன்னா அர்த்தமே கவிழும்: ‘தெஹே தெ ஃபுமார்’ சிகரெட்டை விட்டேன், ‘தெஹே ஃபுமார்’ சிகரெட் பிடிக்க விட்டேன்.

வாலே இல்லாத கும்பலையும் ஒரு பக்கம் எழுதி வைங்க: ‘புஸ்கார்’ (தேடு), ‘எஸ்பெரார்’ (காத்திரு), ‘மிரார்’ (பாரு), ‘எஸ்குச்சார்’ (காதால கேளு), ‘பெதீர்’ (கொடுக்கச் சொல்லிக் கேளு). ஆங்கிலத்துல இதுக்கெல்லாம் ‘ஃபார்’, ‘அட்’, ‘டு’ இருக்கும், அதுதான் தொந்தரவு. ஆளா இருந்தா மேலே சொன்ன ‘அ’ மட்டும் வரும்.

நோட்டுல எழுதுற முறை: வினையை மட்டும் எழுதாதீங்க. வினை, ப்ரெபொசிஷன், அடுத்து வரக்கூடியது (ஆளா, பொருளா, வினையா), கீழ ஒரு முழு வாக்கியம். ஒரு நாளைக்கு அஞ்சு வினை போதும். மறுநாள் ப்ரெபொசிஷனை மட்டும் விரலால மறைச்சுச் சொல்லிப் பாருங்க, மூணாம் நாள், ஏழாம் நாள் திரும்பவும். வாரம் ஒரு தடவை ஸ்பானிஷ் செய்தி ஒண்ணுல 150 சொல் அளவுக்கு நகல் எடுத்து, ‘அ, தெ, என், கோன், போர், பாரா’ ஆறையும் வெள்ளை மையால அழிச்சுட்டு, ஒரு நாள் கழிச்சு நிரப்புங்க. தப்பான ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ‘வினை’, ‘உருபு’, ‘ஆங்கிலம்’னு காரணம் குறிங்க. நாலு வாரத்துல எந்தக் குறி அதிகம்னு தெரியும், அதுல மட்டும் உழைச்சா போதும்.

ப்ரெபொசிஷனுக்கு அடுத்து வினை வந்தா அகராதி வடிவம்தான், வேற எதுவும் கூடாது. ஒண்ணும் சொல்லாம: ‘சின் தெஸீர் நாதா’. ‘சின் திஸியெந்தோ’ன்னு எழுதினா அது ஆங்கில ‘-இங்’ வந்து உட்கார்ந்தது.

அரைத்திருத்தம்

‘தெ கெ’ (‘கெ’ன்னா நம்ம ‘-ன்னு’, ‘-ங்கிறது’) பிரச்சினையும் இதோட வால்தான். ‘-ங்கிறது நினைவிருக்கு’ன்னு எழுதும்போது ‘மெ அகுயெர்தோ கெ’யா, ‘மெ அகுயெர்தோ தெ கெ’யா? பின்னால வர்ற முழு வாக்கியத்தையும் எடுத்துட்டு ‘எஸோ’ (அது) வச்சுப் பாருங்க. ‘மெ அகுயெர்தோ தெ எஸோ’ன்னுதான் வரும், அதனால ‘தெ கெ’. கருத்துச் சொல்றப்ப ‘பியென்ஸோ எஸோ’ன்னுதான் வரும், அதனால ‘பியென்ஸோ கெ’, நடுவுல ‘தெ’ கூடாது. ஸ்பானிஷ்காரங்களே சறுக்குற இடம், அதனால தெருவுல கேட்டதைச் சாட்சிக்கு இழுக்காதீங்க.

பனங்கற்கண்டு

எழுத்துல சில்லறை வேலை: ‘அ’வும் ‘எல்’லும் சேர்ந்தா ‘அல்’, ‘தெ’யும் ‘எல்’லும் சேர்ந்தா ‘தெல்’. இந்த ரெண்டு புணர்ச்சிதான், வேற எதுவும் ஒட்டாது. அவன்ங்கிற பொருள்ல வர்ற ‘எல்’ ஒட்டாது (‘தெ எல்’), பேரோட ஒட்டிப் பிறந்த ‘எல்’லும் எழுத்துல ஒட்டாது (‘தெ எல் ஸல்வதோர்’). என்னோட, உன்னோட ரெண்டும் ‘கொன்மீகோ’, ‘கொன்தீகோ’. மத்தபடி ‘பாரா மி’, ‘போர் தி’. ஆனா உனக்கும் எனக்கும் நடுவுலன்னா ‘என்த்ரெ தூ இ யோ’, அங்க ‘மி, தி’ வராது.

காதால கேட்டு ‘அ’வைக் கத்துக்கலாம்னு நினைக்காதீங்க. ‘வெயோ அ ஆனா’ங்கிறதை வேகமாச் சொன்னா ‘வெயோ ஆனா’ன்னுதான் விழும், ரெண்டு ‘அ’வும் ஒண்ணாக் கரைஞ்சுடும். ‘வா அ அப்ரீர்’ (திறக்கப் போறான்) ‘வாப்ரீர்’னு கேட்கும். கேட்டு எழுதுற பயிற்சியில ‘அ’ காணாமப் போறது பெரும்பாலும் இதனாலதான். அதனால எழுதி முடிச்சதும் ஒவ்வொரு வினைக்கும் பின்னால ஆள் பேர் இருக்கான்னு தனியா ஒரு தடவை கண்ணை ஓட்டுங்க.

உப்பளக்காற்று

எட்டையும் திருத்தி எழுதிட்டேன்:

‘எஸ்பெரோ அ மி எர்மானா.’ ‘கொம்ப்ரே எல் லிப்ரோ போர் தியெஸ் எயூரோஸ்.’ ‘பியென்ஸோ என் தி.’ ‘தெங்கோ உன் எக்ஸாமென் எல் லூனெஸ்.’ ‘வெயோ அ மரியா.’ ‘யெகே அ மத்ரித்.’ ‘செர்கா தெ லா எஸ்தாசியோன்.’ ‘கோன் கியென் ஆப்லாஸ்?’

சொந்தமா ஒண்ணு சேர்த்திருக்கேன், தங்கச்சிக்குப் பத்து யூரோவுக்குப் புத்தகம் வாங்கினேன்: ‘லெ கொம்ப்ரே எல் லிப்ரோ அ மி எர்மானா போர் தியெஸ் எயூரோஸ்.’ ‘-க்கு’ ரெண்டும் வேற வேறயா வந்திருக்கு, சரியா?

பனங்கற்கண்டு

எட்டும் சரி. ஒன்பதாவது இலக்கணப்படி சுத்தம், ஆனா ரெண்டு அர்த்தம் தருது. ‘கொம்ப்ரார்’ வினையில ‘அ’ போட்டா தங்கச்சிக்கு வாங்கினதும் ஆகும், தங்கச்சிகிட்ட காசு கொடுத்து வாங்கினதும் ஆகும். அரைத்திருத்தம் சொன்ன ‘கிட்டேர்ந்து’ன்னா ‘அ’ங்கிறது இங்கயும் வேலை செய்யுது. விலையும் பக்கத்துல நிக்கிறதால கேட்கிறவர் ரெண்டாவதை நினைச்சுக்கலாம். ‘லெ’யை எடுத்துட்டு ‘கொம்ப்ரே எல் லிப்ரோ பாரா மி எர்மானா போர் தியெஸ் எயூரோஸ்’னு எழுதுங்க, புத்தகம் தங்கச்சி கைக்குப் போயிடும்.